பிளாக் பெல்ட் சர்டிபிகேட்டுக்கு உண்மையில் என்ன மதிப்பு? பெங்களூர் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் 19 வருஷமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் இன்னொரு கிளாஸ். இரண்டு இடத்திலும் பாதிக்கு மேல் நம்ம தமிழ்ப் பிள்ளைகள்தான். அல்சூரில் அப்பாக்கள் டீக்கடையில் நிறுத்திக் கேட்பார்கள், ஒயிட்ஃபீல்டில் அம்மாக்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றேதான்: "மாஸ்டர், இந்த சர்டிபிகேட் செல்லுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நானும் பெல்ட் டெஸ்ட் வைத்து ஃபீஸ் வாங்குகிறவன்தான், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பெல்ட், கியூ, டான் எல்லாம் ஆயிரம் வருஷப் பாரம்பரியமா?

இல்லை. நம்ம தாத்தாவின் தாத்தா காலத்துச் சமாச்சாரம், அவ்வளவுதான். டான் என்பது பிளாக் பெல்ட்டின் படிகள், கியூ என்பது அதற்குக் கீழே இருக்கும் கலர் பெல்ட் படிகள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கோடோகானை ஆரம்பித்தார், அடுத்த வருஷம் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு டான் கொடுத்தார். அந்த 'டான்' என்ற வார்த்தையே சண்டைக் கலையிலிருந்து வந்தது கிடையாது, 'கோ' என்ற ஜப்பானியப் பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க வைத்திருந்த முறை. கராத்தேயில், அதை ஒக்கினாவாத் தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி கிச்சின் முதன்முதலாக டான் கொடுத்தது 1924இல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று பிள்ளைகள் கனவு காண்கிற கலர் வரிசை ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது பிரபலமானது. 1930களில் பாரிஸில் சொல்லிக்கொடுத்த கவாயிஷி மிக்கினோசுகேக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெருமையைக் கொடுக்கிறார்கள்.

வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமல் வருஷக்கணக்காகக் கட்டியதில் அழுக்கேறிக் கறுப்பாகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நானும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் கதைதான். தயவுசெய்து பெல்ட்டைத் துவையுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆரம்பத்தில் இது ஒரு வாத்தியார் தன் பிள்ளைகளைப் பார்த்து "நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்" என்று சொன்ன சொல். அந்தச் சொல்லை வெளியே யார் மதிப்பார்கள் என்பது தனிக் கேள்வி. குழப்பம் எல்லாமே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிப்பதால் வருவது.

முதல் டான் என்றால் மாஸ்டர் என்று அர்த்தமா?

முதல் டானுக்கு ஜப்பானியத்தில் 'ஷோடான்' என்று பெயர், அந்த 'ஷோ' என்பதற்கு 'ஆரம்பம்' என்று பொருள். அரிச்சுவடி முடிந்தது, இனிமேல் படிக்க ஆரம்பிக்கலாம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"அரசு அங்கீகாரம் பெற்ற சர்டிபிகேட்" என்று பேனரில் போட்டிருக்கிறார்களே?

இந்த ஒரு வரியை நம்பித்தான் நிறையப் பேர் பணம் கட்டுகிறார்கள். இந்திய அரசு யாருடைய பெல்ட்டையும் சோதித்துப் பார்த்துத் தரம் கொடுப்பதில்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம் செய்வது வேறு: ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பை அங்கீகரிக்கிறது, அந்தக் கூட்டமைப்பு தேசியப் போட்டி நடத்துகிறது, இந்திய அணியைத் தேர்வு செய்கிறது. அங்கே கணக்கு போட்டியில்தான், உங்கள் பிள்ளை பச்சையா நீலமா என்பதில் டெல்லிக்கு அக்கறை இல்லை.

அப்புறம் அந்த "கவர்மென்ட் ரெஜிஸ்டர்டு" என்பது என்ன? பெரும்பாலும் சங்கப் பதிவு எண். சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். நம்ம ஏரியா கூழ் ஊற்றும் கமிட்டிகூட அப்படிப் பதிவாகியிருக்கலாம். பதிவு இருப்பது நல்லதுதான், கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் அதனால் அவர்கள் கொடுக்கும் பிளாக் பெல்ட்டுக்கு அரசு முத்திரை வந்துவிடாது. ஐ.எஸ்.ஓ. 9001 என்று சிலர் பெருமையாகப் போட்டிருப்பார்கள், அது ஆபீஸ் வேலை ஒரு ஒழுங்குமுறைப்படி நடக்கிறது என்பதற்கான சான்று. பிஸ்கட் கம்பெனிக்கும் அதே சான்றுதான்.

கூட்டமைப்புகளே நிலையாக இருப்பதில்லை என்பது இதைவிடப் பெரிய தலைவலி. 2020இல் உலகக் கராத்தே கூட்டமைப்பு, அதுவரை தன்னுடன் இருந்த இந்தியச் சங்கத்துக்கான அங்கீகாரத்தை எடுத்துவிட்டது, பிறகு வேறொரு அமைப்பு அந்த இடத்துக்கு வந்தது. டேக்வாண்டோவிலும் யார் உண்மையான கூட்டமைப்பு என்ற சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறவர்கள் பிள்ளைகள்.

என் கதையையே சொல்கிறேன். 1998இல் வாங்கிய என் முதல் பிளாக் பெல்ட் சர்டிபிகேட் பெரிய சைஸ், ஓரத்தில் தங்கக் கலர் பார்டர், நடுவில் கழுகு, கீழே நாலு கையெழுத்து, என் பெயரில் மட்டும் ஒரு எழுத்து தப்பு. அப்பா அதை சிவாஜிநகரில் கொடுத்து லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஏழு வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காக அந்த எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அதற்குள் அந்தச் சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பக்கம் "உங்க நம்பர் அவங்க ரிஜிஸ்டர்ல இருக்கும்" என்றார்கள், மறுபக்கம் "அந்த வருஷ ரிஜிஸ்டரே எங்ககிட்ட இல்லை" என்றார்கள். கடைசியில் 29 வயதில், என் பாதி வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று, வேறு அமைப்பில் மறுபடியும் டெஸ்ட் எழுதினேன். எழுதினேன் என்றால், உதை வாங்கினேன். பழைய சர்டிபிகேட் இன்னும் அம்மா வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது, கழற்ற விடமாட்டேன் என்கிறார்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கோ சீட்டுக்கோ பிளாக் பெல்ட் உதவுமா?

பெல்ட் மட்டும் உதவாது. மத்திய அரசு வேலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கான விளையாட்டுப் பட்டியலில் கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ எல்லாம் உண்டு. ஆனால் தகுதி என்று அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பாருங்கள்: நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ தேசிய, சர்வதேசப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்துக்காக அனைத்துப் பல்கலைக்கழகப் போட்டியில், அல்லது மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டில். அதற்கென்று தனித்தனிப் படிவம் இருக்கிறது, அதில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் வரையறுத்திருக்கிறது. அந்தப் படிவத்தில் 'பெல்ட் நிறம்' என்று ஒரு கட்டமே கிடையாது. கர்நாடகத்தில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலும் கேட்பது போட்டிச் சான்றைத்தான்.

அதனால் பிள்ளைக்கு அந்த எண்ணம் இருந்தால் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது "எப்போ பிளாக் பெல்ட்?" என்பதல்ல. "நீங்கள் அனுப்பும் போட்டி எந்தக் கூட்டமைப்பின் கீழ் வருகிறது, ஸ்கூல் கேம்ஸ் தேர்வுக்கு எப்போது கூட்டிப்போவீர்கள்?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடக்கும் "இன்டர்நேஷனல் ஓபன் சாம்பியன்ஷிப்"பில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்துவிட்டால் அது சர்வதேசப் போட்டி ஆகிவிடாது. அனுபவத்துக்குப் போகலாம், நானும் அனுப்புகிறேன், மெடல் கிடைத்தால் பிள்ளைக்குச் சந்தோஷம். கோட்டாவுக்கு அது காகிதம்தான்.

இன்னொன்று, தேசியக் கூட்டமைப்புகள் கொடுக்கும் விளையாட்டுச் சான்றிதழ்களை டிஜிலாக்கர் வழியாகக் கொடுக்கும்படி அமைச்சகம் மாற்றிக்கொண்டு வருகிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். இனிஷியல் விஷயத்தில் நம்ம ஆட்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

டேக்வாண்டோவில் 'குக்கிவோன்' சர்டிபிகேட் என்கிறார்களே, அதுவாவது உண்மையா?

ஆமாம், இங்கே காகிதத்துக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. குக்கிவோன் என்பது தென் கொரியாவில் சியோலில் 1972இல் கட்டிய தலைமையகம். உலக டேக்வாண்டோ அமைப்பு தனி, அது அடுத்த வருஷம் 1973இல் வந்தது, 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இருப்பது இவர்களுடைய டேக்வாண்டோதான். இந்த வழியில் சர்வதேசப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்குக் குக்கிவோன் டான் சான்று தேவைப்படும். எண் இருக்கும், குக்கிவோன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மங்களூர் போனாலும் மலேசியா போனாலும் அதே எண்தான்.

15 வயதுக்குக் கீழே இருந்தால் டான் கிடையாது, 'பூம்' என்று கொடுப்பார்கள், பெல்ட்டில் பாதி சிவப்பு பாதி கறுப்பு. 15 ஆனதும் டானாக மாற்றிக்கொள்ளலாம். முதல் டானிலிருந்து நாலாம் டானுக்கு வரக் குறைந்தபட்சக் காத்திருப்பே ஒன்று, இரண்டு, மூன்று வருஷம் என்று மொத்தம் ஆறு வருஷம் ஆகும். யாராவது மூன்று வருஷத்தில் நாலாம் டான் வாங்கியதாகச் சொன்னால் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒரு இடத்தில் உஷார். கலர் பெல்ட்டுக்கெல்லாம் குக்கிவோன் சர்டிபிகேட் வராது, அது மாஸ்டர் தன் கிளப் சார்பில் கொடுப்பது. சில இடங்களில் மஞ்சள் பெல்ட்டுக்கே "குக்கிவோன் ஃபீஸ்" என்று சேர்த்து வாங்குகிறார்கள். அதேபோல, 1966இல் சோய் ஹோங் ஹி ஆரம்பித்த ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) டேக்வாண்டோ வேறு குடும்பம், அதன் சான்று வேறு. மோசம் என்று சொல்லவில்லை. ஒலிம்பிக் கனவோடு அங்கே சேர்த்துவிட்டு எட்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

கராத்தேயில் அப்படி ஒரே தலைமையகம் இல்லையா?

இல்லை. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று ஸ்டைல்கள், ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் நாலைந்து அமைப்புகள், ஒவ்வொன்றும் தன் டானைத் தானே கொடுக்கும். ஜப்பானிலோ ஒக்கினாவாவிலோ பழைய தலைமையகத்தில் பதிவாகி வரும் டானுக்கு அந்த ஸ்டைல்காரர்கள் நடுவில் நல்ல மரியாதை உண்டு, பக்கத்து ஸ்டைல்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். உலகக் கராத்தே கூட்டமைப்பு முக்கியமாகப் போட்டியைத்தான் பார்த்துக்கொள்கிறது, அங்கே வயசு, எடை, எந்தச் சங்கத்தின் வழியாக வருகிறீர்கள் என்பதுதான் பேச்சு. கராத்தே ஒலிம்பிக்கில் இருந்ததே டோக்கியோவில் ஒரே ஒரு தடவை, பாரிஸில் இல்லை. ஆசிய விளையாட்டில் 1994இலிருந்து இருக்கிறது.

என் கலையைப் பற்றி நானே இப்படி எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் "கராத்தே பிளாக் பெல்ட்" என்ற மூன்று வார்த்தையிலிருந்து ஒருவருக்கு என்ன தெரியும் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஜூடோ, ஜியு ஜிட்சு, குத்துச்சண்டை?

பிரேசில் ஜியு ஜிட்சு இப்போது கோரமங்களா, இந்திராநகர் பக்கமெல்லாம் வந்துவிட்டது. அங்கே பெல்ட் ரொம்பக் கறார். அவர்களுடைய சர்வதேசக் கூட்டமைப்பின் விதியில் நீல பெல்ட்டுக்கே 16 வயது ஆக வேண்டும், பிளாக் பெல்ட்டுக்கு 19. வழக்கமாகப் பத்து வருஷம் பிடிக்கும். காரணம் எளிது, தினமும் பாயில் ஒருவரை ஒருவர் முழுப் பலத்தோடு மடக்கிப் பிடிக்கிறார்கள், பொய் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தால் மூன்று நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஜூடோவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். குத்துச்சண்டையில் பெல்ட் டெஸ்டே கிடையாது, ஜெயித்தாயா தோற்றாயா, முடிந்தது.

ஊரில் சிலம்பத்துக்குப் பெல்ட் கிடையாதே, இங்கே கலர் பெல்ட் கொடுக்கிறார்களே?

என் பெரியப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் சிலம்பம் ஆடியவர். அவருக்குச் சான்றிதழ் என்பது அவருடைய ஆசான் பெயர்தான். திருவிழாவில் இறங்கும்போது இன்னார் சிஷ்யன் என்று சொல்லி வணக்கம் போட்டால் போதும், கூட்டத்துக்குப் புரிந்துவிடும். பெங்களூரில் ஆசான் பெயர் யாருக்கும் தெரியாது, அதனால் கராத்தே மாதிரி கலர் பெல்ட் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பிடித்து வைக்க அது உதவுகிறது என்று ஒரு சிலம்ப ஆசானே என்னிடம் சொன்னார், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சிலம்பத்துக்கு நிஜமான அங்கீகாரம் வேறு வழியில் வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக ஆடினார்கள். இங்கேயும் கணக்கு போட்டிதான், கலர் அல்ல.

எட்டு வயதில் பிளாக் பெல்ட் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குவதற்கு நீங்கள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது, ஏனென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் பிளாக் பெல்ட்டை வாங்குவது பெரும்பாலும் பெற்றோர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒயிட்ஃபீல்டில் ஒரு அப்பா தன் மகளைக் கூட்டி வந்தார். எட்டு வயது, வேறு இடத்தில் பிளாக் பெல்ட் முடித்தவள். இடுப்பில் சாட்டின் பெல்ட், அதில் தங்க நூலில் அவள் பெயர், பெல்ட்டின் முனை முட்டிக்குக் கீழே தொங்குகிறது. அப்பா கையில் பிளாஸ்டிக் ஃபைல், முப்பது சர்டிபிகேட்டாவது இருக்கும். நான் ஃபைலைப் பார்க்கவில்லை. "பாப்பா, ஒரு கட்டா பண்ணும்மா" என்றேன். கட்டா என்றால் எதிரே ஆள் இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை. அழகாகத்தான் செய்தாள், டான்ஸ் மாதிரி, இருபது செகண்டில். பிறகு நான் முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு வந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, வயிற்றை நோக்கி ஒரு குத்து நீட்டினேன். அவள் தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. என் முஷ்டியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இது எந்த நம்பர் அங்கிள்?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாமே நம்பராகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எதிரே ஒரு ஆள் இருப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, கெட்டிக்காரி. பெல்ட்டை வைத்துக்கொள்ளட்டும், வகுப்பில் பச்சையோடு நிற்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் வரவில்லை. இப்போது இன்னொரு இடத்தில் இரண்டாம் டான் என்று கேள்வி.

சிறுவர்களுக்கு என்று தனியாக 'ஜூனியர் பிளாக் பெல்ட்' கொடுத்து, பெரியவனானதும் மறுபடி டெஸ்ட் வைக்கிற இடங்கள் இருக்கின்றன. அது நேர்மையான ஏற்பாடு.

டெஸ்ட் ஃபீஸ் எவ்வளவு இருந்தால் நியாயம்?

நான் கலர் பெல்ட்டுக்கு 600 ரூபாய் வாங்குகிறேன். பெல்ட், சர்டிபிகேட் அச்சடிக்கிற செலவு, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குச் சாப்பாடு, ஆட்டோ, எல்லாம் போக மிச்சம் கொஞ்சம் நிற்கும், ஹால் வாடகைக்கு. இதைவிட மூன்று மடங்கு வாங்குகிற இடங்களும் உண்டு, எல்லாரையும் திருடன் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் ஏரியா வாடகை அப்படி. தொகையைவிட, யாராவது ஃபெயில் ஆகிறார்களா என்று பாருங்கள். மூன்று மாசத்துக்கு ஒரு டெஸ்ட், நாற்பது பேர் போனால் நாற்பது பேரும் பாஸ் என்றால் அது டெஸ்ட் இல்லை, சந்தா. பிளாக் பெல்ட் வரைக்கும் மொத்தம் எத்தனை டெஸ்ட், எவ்வளவு ஆகும் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். கொடுக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

அல்சூர் கிளாஸில் ஒரு பையன், அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மூன்று வருஷம் பச்சை பெல்ட்டிலேயே இருந்தான். ஃபீஸ் வேண்டாம், வந்து டெஸ்ட் கொடு என்றால் வரமாட்டான், ரோஷம். ஸ்பாரிங்கில் பிரவுன் பெல்ட் பையன்கள் அவனோடு ஜோடி சேரப் பயப்படுவார்கள். போன வருஷம் தானே ஒரு கூரியர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, 600 ரூபாயை நூறு நூறாக எண்ணிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

வேலை மாறிச் சென்னைக்கோ புனேவுக்கோ போகிறோம். பெல்ட் செல்லுமா?

அதே ஸ்டைல், அதே அமைப்பு என்றால் கிட்டத்தட்ட அப்படியே செல்லும். மாஸ்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசி டெஸ்ட் தேதி, எந்தக் கட்டா வரைக்கும் முடிந்தது என்று போட்டு. வேறு ஸ்டைல் என்றால் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் புது மாஸ்டர் முடிவு செய்வார், ஒன்றிரண்டு படி இறக்குவது சகஜம். வெள்ளையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லி எல்லா டெஸ்டுக்கும் மறுபடி ஃபீஸ் கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

மாஸ்டர் நிஜமானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாக அரை மணி நேரம் பேசுவார், நிறுத்துவதுதான் கஷ்டம். எந்த வருஷம், எங்கே, யார் தேர்வாளர், இப்போதும் யாரிடமாவது கற்றுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். 35 வயதில் பத்தாம் டான், பெயருக்கு முன்னால் கௌரவ டாக்டர், 'கிராண்ட் மாஸ்டர்', சுவர் முழுக்க அரசியல்வாதிகளோடு போட்டோ என்று இருந்தால் எனக்கு வயிறு கலங்கும். தானே ஆரம்பித்த ஸ்டைலுக்குத் தானே பத்தாம் டான் கொடுத்துக்கொண்டவர்களை நான் நேரில் சந்தித்திருக்கிறேன்.

கிளாஸை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், முக்கியமாகப் பெரிய பெல்ட் பிள்ளைகளை. வெள்ளை பெல்ட்டை வைத்து வாத்தியாரை எடை போட முடியாது. பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்தினால் அங்கே எந்தச் சர்டிபிகேட் இருந்தாலும் சேர்க்காதீர்கள், இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

பிளாக் பெல்ட் வாங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். அப்படி ஒரு சட்டமே இந்தியாவில் கிடையாது, சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டது. தற்காப்பு உரிமை எல்லாருக்கும் ஒன்றுதான், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது, ஆபத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பர்ஸைப் பிடுங்கியவன் ஓடிவிட்ட பிறகு துரத்திப்போய் மிதித்தால் பெல்ட் காப்பாற்றாது.

என் மகன் பிற்காலத்தில் கோச் ஆக விரும்புகிறான். எந்தக் காகிதம் வாங்க வேண்டும்?

சொந்தமாகக் கிளாஸ் நடத்தச் சட்டப்படி எந்தக் காகிதமும் தேவையில்லை, அதுதான் பிரச்சினையே. அரசுப் பக்கம் கோச் வேலைக்குப் போவதென்றால் பாட்டியாலாவில் இருக்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமோவுக்கு இருக்கும் மதிப்பு எந்த டானுக்கும் இல்லை. சுருக்கமாக 'என்.ஐ.எஸ். முடித்தவரா?' என்றுதான் கேட்பார்கள். எல்லாக் கலைக்கும் அந்தப் படிப்பு இல்லை, ஜூடோவுக்கு உண்டு. நம்ம ஊரில் மைசூர் ரோடு பக்கம் ஞானபாரதியில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணைய மையத்திலும் சில விளையாட்டுகளுக்கு நடத்துகிறார்கள். எது எது என்று அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு முதலுதவிப் படிப்பு. கிளாஸில் ஒரு பிள்ளை மூச்சுத் திணறி விழும்போது டான் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியென்றால் பெல்ட்டே வேண்டாமா, மாஸ்டர்?

அப்படிச் சொல்லவே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து, ஒரு வருஷம் கிளாஸில் கலர் பெல்ட்டை நிறுத்திப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மீதி இருந்தவர்களும் "சார், நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. எனக்கும் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தும்போது யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டெஸ்ட் முடிந்து பெல்ட் கட்டிவிடும் நேரத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். புது பெல்ட் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், முடிச்சு நிற்காது, கட்டக் கட்ட அவிழும். நான் முழங்காலிட்டு இரண்டு முனையும் சமமாக வருகிறதா என்று இழுத்துப் பார்த்து முடிச்சுப் போடுவேன், பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கும், வயிறு படபடவென்று அடிப்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பெல்ட் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் செல்லாது, எனக்கும் தெரியும். ஹாலுக்குள் செல்லும்.

வெளியே காட்டுவதற்கென்று ஒரு சர்டிபிகேட் வாங்குவதாக இருந்தால் மட்டும், பணம் கட்டும் முன்பு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யாரிடம் காட்டப் போகிறோம்? அந்த ஆள் இதை ஒத்துக்கொள்வாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், சர்டிபிகேட் கொடுக்கிறவரிடம் கேட்காதீர்கள்.

வருகிற ஞாயிறு என் பெண்ணுக்கு முதல் டெஸ்ட். என்ன கொண்டுவர வேண்டும்?

காலை ஏழரைக்கு ஹாலில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், நகம் வெட்டி வர வேண்டும், கொலுசு, கம்மல் வேண்டாம், தலையை இறுக்கிப் பின்னிவிடுங்கள். ஆதாரில் இருக்கும் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள், என் சர்டிபிகேட்டில் வந்த தப்பு அவளுக்கும் வர வேண்டாம். இட்லி இரண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். போன தடவை ஒரு பையன் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து, மூன்றாவது உதையில் என் தேர்வாளர் மேலேயே வாந்தி எடுத்தான். அவன் பாஸ்தான், ஆனாலும்.